திரும்பி நடந்த அன்னங்கள்

தேவகியின் தறியில் அட்டையைத் திருப்பிக் கட்டியவன் நான்தான்.

அது அவள் கைப்பிசகு அல்ல. தெய்வக் குற்றமும் அல்ல. 'எலி கடிச்சிருக்கும்' என்று முதலாளி ஒரு சமாதானம் சொன்னார்... அந்த எலி இதோ, மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறது!

பார்த்தீர்களா? குற்றத்தை ஒப்புக்கொள்ள உட்கார்ந்தவன், மூன்றாவது வரிக்குள் எலியை அவிழ்த்துவிட்டேன். என்னை நம்பிவிடாதீர்கள். நான் உங்களைச் சிரிக்க வைக்கிற இடத்திலெல்லாம் கொஞ்சம் நின்று, இவன் எதை மறைக்கிறான் என்று பாருங்கள்.

ஒரு பெண்ணின் கூலியைப் பறித்தேன். அவள் உட்கார்ந்திருந்த இடத்தையும் பறித்தேன். எதற்காக? அவள் என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை சிரித்தாள் என்பதற்காக!

என் பெயர் சபாபதி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், ஏகாம்பரம் முதலாளியின் கூடத்தில் பட்டு நெய்தவன். பன்னிரண்டு தறிகள் வரிசையாக ஓடிய ஓட்டுக் கூடம். ஐந்தாம் தறி என்னுடையது. ஆறாம் தறி தேவகியுடையது.

நான் நெய்ததைவிடப் பேசியது அதிகம். தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால் என் வழுக்கைத் தலை மட்டும்தான் வெளியே தெரியும். 'யாருப்பா அங்க சொம்பைக் கவுத்து வெச்சிட்டுப் போனது?' என்று நானே கேட்பேன். பிறர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் தமாஷ். பிறர் முந்திக்கொண்டால் அவமானம். என் பிழைப்பு இந்த ஒரு ரகசியத்தில்தான் நடந்தது. என் தலையை, என் குள்ளத்தை, என் இடக்கையை, என் மாமியார் வீட்டுச் சீரை... எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நானே கேலி செய்து முடித்திருந்தேன். ஊருக்கு மிச்சம் எதுவும் வைக்கவில்லை.

வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

தேவகியைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை ஒருவராக நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இழைக்கு இழை இரண்டையும் கோத்துக்கொண்டே போக வேண்டும். அதனால் தறிக்கு இரண்டு பேர். நடுவில் நெய்கிறவர். ஓரத்தில், கரை நூலைச் சுமந்தோடும் நாடாக் கட்டையைத் தள்ளுகிற துணையாள். நெய்கிறவர் ஆண். துணையாள் அவர் மனைவியாகவோ தங்கையாகவோ இருப்பாள். நெய்கிறவர் வாங்கும் கூலியில் துணையாளுக்குப் பாதிகூடக் கிடையாது.

ஆறாம் தறி தேவகியின் கணவருடையது. அவர் காமாலையில் போய்ச் சேர்ந்ததும், பாதியில் நிற்கிற பாவை, அதாவது தறியில் ஏற்றிய நூலை, முடிக்கட்டும் என்று முதலாளி அவளை நடுவில் உட்கார வைத்தார். அந்தப் பாவை முடித்தாள். அடுத்ததையும் முடித்தாள். ஆறு வருஷம் நெய்தாள். பெரிய இடத்து முகூர்த்தச் சேலை என்று வந்தால் முதலாளி வேறு யாரையும் பார்க்க மாட்டார், ஆறாம் தறிக்குத்தான் கொடுப்பார். ஆனால் கூலி மட்டும் துணையாள் கூலி! ஓரத்தில் உட்கார்ந்த அவள் நாத்தனாருக்கும் அதே துணையாள் கூலி.

அதை வைத்து நான் ஒரு தமாஷ் கட்டியிருந்தேன்.

"ஆறாந்தறி அதிசயத் தறிப்பா! ரெண்டு தொணையாளு உக்காந்துக்கினு இருக்காங்க, நெய்யறவனைக் காணோம். சேலை மட்டும் தன்னால நெய்துக்கினு வருது!"

கூடமே சிரிக்கும். தேவகியும் சிரிப்பாள். இதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அநியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை... நன்றாகவே தெரிந்திருந்தது. தமாஷாகத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தறிக்கு மேலே, உத்தரத்தை ஒட்டினாற்போல் ஜக்காடு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகளைக் கயிற்றால் மாலையாகக் கோத்து அதில் மாட்டியிருப்போம். அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப, கீழே கரையில் அன்னமோ யாளியோ எழும்பிக்கொண்டே வரும். கயிறு அறுந்தால், அட்டை சிக்கினால், யாராவது தறிச் சட்டத்தில் கால் வைத்து மேலே ஏற வேண்டும்.

எங்கள் கூடத்தில் பெண்கள் தறிமேல் ஏறக் கூடாது. சட்டத்தின் நெற்றியில் சந்தனம் வைத்த சாமி படம் இருந்தது. பெண்ணின் கால் அதற்கு மேலே போகலாகாதாம். யார் வைத்த கட்டுப்பாடு? கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை. ஆகவே தேவகியின் தறிக்கு ஏற வேண்டியது வந்தால் அடுத்த தறிக்காரனான நான் ஏறுவேன். ஏற்றத்துக்கு இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு. முந்தானையில் முடிந்து வைத்திருந்து கொடுப்பாள்.

"உன் புண்ணியத்துல நான் அனுமாரு ஆயிட்டேன் தேவகி. வால் ஒண்ணுதான் பாக்கி."

"அது இருக்குதுண்ணா. வேட்டிக்குள்ள சுருட்டி வெச்சிருக்கீங்க."

அப்படித்தான் இருந்தோம். சண்டையில்லை, மனக்கசப்பில்லை. அந்தச் சித்திரை வரைக்கும்.

அந்தச் சித்திரையில் என் தறியில் அட்டைக் கயிறு அறுந்தது. மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, டீக்கடைக்காரனுக்கும் அவன் எருமைக்கும் நடந்த வழக்கைக் கூடத்துக்கு விவரித்துக்கொண்டே கட்டினேன். கதை பிரமாதம். கட்டியதுதான் தப்பு! அட்டை மாலையை முன்பின்னாக மாட்டிவிட்டேன். இறங்கி வந்து, எருமைக்கதையின் பாக்கியைச் சொல்லிக்கொண்டே ஒரு முழம் நெய்தும் விட்டேன்.

தேவகி எட்டிப் பார்த்தாள்.

"ண்ணா... உங்க அன்னம்லாம் முந்தானைக்குத்தானே போய்க்கினு இருந்துச்சு? பாதி வழியில ஏன் திரும்பிக்கினு வருது? வூட்ல எதுனா மறந்து வெச்சிட்டு வந்துடுச்சா?"

குனிந்து பார்த்தேன். ஆமாம்! அதுவரை வரிசையாக முன்னே நடந்த அன்னங்கள், ஓர் இடத்தில் சட்டென்று முகம் திருப்பி வந்த வழியே போய்க்கொண்டிருந்தன.

பன்னிரண்டு தறிகளும் நின்றன. அப்படி ஒரு சிரிப்பை என் வாழ்நாளில் நான் உண்டாக்கியதில்லை. மூன்றாம் தறி முனுசாமி குழியிலிருந்து எழுந்து நின்று விசில் அடித்தான். "ரைட்டு ரைட்டு, ரிவர்ஸ் போலாம்!"

அன்று முதல் நான் 'ரிவர்ஸ்' சபாபதி.

டீக்கடைக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு கையைப் பின்னால் நீட்டி எனக்கு டீ கொடுத்தான். கருட சேவைக்குப் போன இடத்தில் தெரிந்தவர் நான்கு பேர் என்னைக் கண்டதும் பின்னோக்கி நடந்து வழிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் என் மனைவி ராஜம்மா வாசலில் நின்று, "வாங்க... மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குது?" என்றாள்.

ராஜம்மா அதுவரை என் எந்தத் தமாஷுக்கும் சிரித்தவள் அல்லள். தேவகியின் தமாஷுக்கு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்!

நானும் சிரித்தேன். வெளியே. உள்ளே அது பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் தூள் மாதிரி உட்கார்ந்துகொண்டது. நாக்கு நாள் முழுதும் அங்கேயே போயிற்று. பத்து வருஷமாக நான் ஊருக்கு விற்ற சரக்கை, ஒருத்தி ஒரே வாக்கியத்தில் என்னிடமே விற்றுவிட்டுப் போனாள். நான் எனக்கென்று கேலி செய்யாமல் பொத்தி வைத்திருந்தது ஒன்றே ஒன்று... என் தொழில். சரியாக அதில் கை வைத்தாள்!

அவள் முகத்தில் கள்ளமே இல்லை. மறுநாளும் வெற்றிலை கொடுத்தாள். அது என்னை இன்னும் எரித்தது. தெரிந்து குத்தியிருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ.

உன் அன்னமும் ஒருநாள் திரும்பி நடக்கும் தேவகி, ஊர் பார்க்க நடக்கும்... நாடாவை எறியும்போதெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டேன். நல்ல தாளக்கட்டு. வேலைகூட வேகமாக ஓடியது.

அப்போது அவசரநிலை அறிவித்திருந்தார்கள். அந்த ஆடியில் ஒரு நாள், கூடத்து ரேடியோவில் செய்தி வந்தது. டில்லியில் ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். ஆணும் பெண்ணும் ஒரே வேலை செய்தால் ஒரே கூலி கொடுத்தாக வேண்டுமாம். வேலைக்கு எடுப்பதிலும் பெண் என்று தள்ளக் கூடாதாம்.

முனுசாமிதான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் ஒரே கூலியா? சோறு யாரு ஆக்கறது?"

"கூலி வாங்கறவன் ஆக்குவான்பா," என்றாள் தேவகி. நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "மொதலாளி, கேட்டுச்சா? ரேடியோவே சொல்லிடுச்சு."

"சட்டம் இன்னும் வரலம்மா. வரப் போவுதுன்னுதான் சொல்றான்."

"வரட்டும் மொதலாளி. நான் வாசல்ல நின்னு கூப்புட்டுக்கினு வரேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. எட்டாவது படிக்கிற மகளை உட்கார வைத்து மனு எழுதினாள். 'நான் நெசவாளி. துணையாள் அல்ல. என் பெயரை நெசவாளி என்று எழுதி அந்தக் கூலி கொடுக்க வேண்டும்.' அவ்வளவுதான் மனு. எனக்கும் படித்துக் காட்டினாள். "பொண்ணை நூல் சுத்த வெக்கச் சொல்றாங்கண்ணா எங்க வூட்ல. இது கெடைச்சா அவ மேல படிப்பா," என்றாள். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.

மனு எங்கெங்கோ போய், ஆவணியில் பதில் வந்தது. அமாவாசைக்கு மறுநாள் ஓர் அதிகாரி கூடத்துக்கு வந்து பார்ப்பார். யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போவார்.

அதிகாரி என்றாலே முதலாளிகளுக்கு வேட்டி நழுவிய காலம் அது. ஏகாம்பரம் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சபாபதி, நீதான்பா வாய்க்காரன். இவ ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு ஊர்ல இருக்கிற அத்தினி பொம்பளையும் நடுத்தறியில வந்து உக்காருவாளுங்க. எதுனா வழி சொல்லு."

நான் யோசிக்கவே இல்லை. சித்திரையிலிருந்து யோசித்து வைத்திருந்தவன் போல் வந்து விழுந்தது.

"ஒரே வேலைக்குத்தானே மொதலாளி ஒரே கூலி? அவ செய்யறது ஒரே வேலை இல்லியே."

"எப்பிடிப்பா?"

"அட்டை சிக்கிச்சுன்னா அவ ஏறுவாளா? ஆம்பளைதானே ஏறணும்? அப்ப அவ அரை நெசவாளிதானே?"

முதலாளி என்னையே பார்த்தார். பிறகு முதுகில் ஓங்கித் தட்டினார். ஏற விடாதவர்களும் நாங்கள், ஏறாதவள் என்று சொல்லிக் கூலியைக் குறைக்கப் போகிறவர்களும் நாங்கள்! இதைவிடப் பெரிய தமாஷை நான் கட்டியதில்லை.

"அதிகாரி வர்ற நேரத்துல அட்டை சிக்கணுமே?" என்றார்.

"சிக்கும் மொதலாளி."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எப்படி என்று முதலாளிகளுக்குத் தெரியும்.

அமாவாசையன்று தறி ஓடாது. ஆனால் தறிகளுக்குக் கற்பூரம் காட்ட வேண்டும். அந்த மாதம் என் முறை. நல்ல பகல் வெளிச்சம், கூடத்தில் யாரும் இல்லை. பன்னிரண்டு தறிக்கும் பக்தியோடு கற்பூரம் காட்டினேன். பிறகு ஆறாம் தறிமேல் ஏறினேன்.

அட்டை மாலையை அவிழ்த்தேன். முன்பின்னாகத் திருப்பினேன். மாட்டிக் கட்டினேன். பழைய கயிறு நைந்திருந்தது; புதுக் கயிறு போட்டேன். வஞ்சம் தீர்க்கப் போன இடத்திலும் தொழில் சுத்தம்! இடக்கைக்காரன் கட்டுகிற முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் புரண்டு படுத்திருக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வேலை முடிந்தும் உடனே இறங்கவில்லை. மேலேயே உட்கார்ந்து, நாளைக்கு அந்த அன்னங்கள் திரும்புவதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன். இனித்தது! இன்றும் நினைத்தால் நாக்கின் ஓரத்தில் அந்த இனிப்பின் மிச்சம் இருக்கிறது. அதற்காகத்தான் என்னை நான் மன்னிக்க முடியவில்லையோ?

மறுநாள் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் குடை, கையில் ஒரு கட்டுக் காகிதம். முதலாளி கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே தறி தறியாகப் பார்த்து வந்தார்.

தேவகி மடித்து வைத்திருந்த ஊதாச் சேலை உடுத்தியிருந்தாள். அதிகாரி ஆறாம் தறிக்கு வந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நெய்யத் தொடங்கினாள். மிதித்தாள், எறிந்தாள், அடித்தாள். அழகான கை. அலகு எழும்ப வேண்டிய இடத்தில் வால் எழும்பியது.

அவள் கை நின்றது.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?"

அவள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். "அட்டையில கோளாறு சார். மேல ஏறணும். பொம்பளைங்க தறிமேல ஏறக் கூடாது, ஆம்பளைதான் ஏறுவான். இதான் சார் நெய்யறவனுக்கும் தொணையாளுக்கும் வித்தியாசம்."

"அட, தேவகி அன்னமும் ரிவர்ஸ் எடுக்குதுப்பா!" என்றான் முனுசாமி.

கூடம் சிரித்தது. அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார். நான் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஏறுவதற்காக மெதுவாக எழுந்தேன். என் பழி தீர்ந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கடவுளே... அங்கேயே நிறுத்தியிருக்கலாம்!

"வேணாண்ணா," என்றாள் தேவகி. "நீங்க உக்காருங்க."

சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டாள். சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சட்டத்தில் கால் வைத்தாள். ஏறினாள்!

"ஏய்! தேவகி! எறங்கு! எறங்குன்றேன்!" என்று முதலாளி கத்தினார். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஆறு வருஷம் நான் ஏறுவதைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறாளே! எங்கே கால் வைக்க வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்தது.

"ஏறிட்டாங்களே," என்றார் அதிகாரி. ஆச்சரியமாகச் சொன்னார். காகிதத்தின் மேல் வைத்த பேனாவை எடுத்துவிட்டார்.

மேலே அவள் அட்டை மாலையைப் பிடித்துப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். புதுக் கயிறு. முடிச்சை விரலால் புரட்டினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

பிறகு என்னைப் பார்த்தாள். முதலாளியை அல்ல, அதிகாரியை அல்ல. என்னை.

"சார்," என்றாள். "இந்த முடிச்சு..."

அதற்குள் என் வாய், என் உத்தரவுக்குக் காத்திராமல் திறந்துகொண்டது.

"சார்! பெருமாள் கோயிலுக்குப் போனீங்களா சார்? அங்க பல்லியைத் தொடணும்னா வரிசையில நிக்கணும். இங்க பாருங்க, உத்தரத்துல ஒட்டிக்கினு எட்டிப் பாக்குது! கால்தான் கைக்கு எட்டுற தூரத்துல இருக்குதே... தொட்டுக்கினு போங்க சார், செஞ்ச பாவமெல்லாம் போயிடும்!"

முதலில் சிரித்தவர் யார் தெரியுமா? அதிகாரி. குடித்த கலர் புரையேறச் சிரித்தார். பிறகு முதலாளி. பிறகு கூடம் முழுதும். தேவகியின் நாத்தனார்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எவனோ நாக்கைத் தட்டிப் பல்லி மாதிரி 'ச்சு ச்சு ச்சு' என்றான். இன்னொருவன் பதில் கொடுத்தான். கூடமெங்கும் பல்லிகள்!

அந்த இரைச்சலுக்கு நடுவே அவள் வாய் அசைந்தது. யாருக்கும் கேட்கவில்லை. அடியில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"இது சபாபதிண்ணன் முடிச்சு."

அப்போதுதான் அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு அது நெய்கிறவளின் கால். இப்போது எல்லோரும் பார்க்கிற கால். செருகியிருந்த சேலையை உருவிக் கணுக்கால் வரை இழுத்துவிட்டு, ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அட்டையைத் திருப்பிக் கட்ட இரண்டு கை வேண்டும். ஒரு கைதான் மீதி இருந்தது. அந்த ஒரு கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். பல்லால் பிடித்து இழுத்தாள். அவிழவில்லை.

கட்டாமலேயே இறங்கி வந்தாள்.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி... என்னதான் ஆச்சு அட்டைக்கு?" என்றார். "எலி கடிச்சிருக்கும் சார். இவளே அவசரத்துல தப்பாக் கட்டியிருப்பா," என்றார் முதலாளி. ஏறவே கூடாத பெண் மேலே போய் எப்படிக் கட்டியிருப்பாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரி எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'துணை வேலை.'

தறிமேல் ஏறிய குற்றத்துக்காக முதலாளி ஐயரைக் கூப்பிட்டுத் தறிக்குத் தீட்டுக் கழித்தார். ஆறாம் தறியில் ஓர் ஆளை உட்கார வைத்தார். அவனுக்குத் துணையாளாக இருக்கச் சொன்னார் தேவகியை. சில நாள் இருந்தாள். அவள் தெருவில் நடந்தால் டீக்கடையிலிருந்து 'ச்சு ச்சு' என்று சத்தம் வரும். எதிர்க் கடையிலிருந்து பதில் வரும். என்னை ரிவர்ஸ் என்று கூப்பிட ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. டீக்கடைக்காரன் என் முகத்தைப் பார்த்து டீ கொடுத்தான்.

ஜெயித்துவிட்டேன்!

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. பக்கத்து ஊரான ஓரிக்கையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாளாம். இரண்டு பேரும் நூல் சுற்றுகிறார்களாம். கொஞ்ச நாளில் சட்டம் வந்தே விட்டது. ரேடியோவில் வாசித்தார்கள். யாரோ குமிழைத் திருகிப் பாட்டு வைத்தார்கள். வாசலில் நின்று கூப்பிட அங்கே ஆள் இல்லை.

அதன்பிறகு எனக்கொரு வியாதி வந்தது. வீட்டுச் சுவரில் பல்லி கத்தினால் ராஜம்மா, "நல்ல சகுனம்," என்று தரையைத் தட்டுவாள். எனக்கு வியர்க்கும்.

கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்று, படியேறி, தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. விரல் நுனியில் கொஞ்சம் குளிர்ச்சி ஏறும், அவ்வளவுதான். அங்கே எனக்கு முன்னும் பின்னும் பெண்கள் ஏறினார்கள். கையை உயர்த்தி எட்டித் தொட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மூன்று வருஷம் தாக்குப்பிடித்தேன். பிறகு ஓரிக்கைக்குப் போனேன். தேவகி ராட்டையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தவில்லை. வளர்ந்து நின்ற மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் கொடுத்த அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.

"தேவகி... அந்த அட்டையைத் திருப்பினது நான்தாம்மா."

"தெரியும். முடிச்சைப் பாத்தேனே."

"அப்புறமா யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே..."

"சொன்னேன். ஒரே ஒரு தபா சொன்னேன். நீங்க தமாஷ் பண்ணிக்கினு இருந்தீங்க."

மன்னித்துவிடு என்றேன். ராட்டை நின்றது.

"எங்கிட்ட எதுக்குண்ணா? கூடத்துல போய்ச் சொல்லுங்க. அன்னிக்கு இருந்த அத்தினி பேரு எதிர்லயும் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தை நேராகப் பார்த்தாள். "சிரிக்க வெக்காம சொல்லுங்க. முடியுமா உங்களால?"

சாந்தமாகத்தான் கேட்டாள். அப்போது எனக்குப் புரியவில்லை, அது அவள் பழி என்று. என்னுடையதைவிட எவ்வளவு கூரான பழி! என் முடிச்சை அவிழ்க்க என்னிடமே கொடுத்துவிட்டு, ராட்டையைச் சுற்றப் போய்விட்டாள்.

மறுநாள் கூடத்தின் நடுவில் நின்றேன். "ஒரு விஷயம் சொல்லணும்பா. எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க."

"என்னாபா மூஞ்சி இது, சாமி வந்தவன் மாதிரி?" என்றான் முனுசாமி. இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு ஆறாந்தறியில அட்டையை..."

தறிகள் நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக, பன்னிரண்டும். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. அத்தனை வருஷத்தில் அந்தக் கூடம் எனக்காக மௌனமாக இருந்தது அந்த ஒரு தடவைதான். முதலாளி கண்ணை இடுக்கினார். முனுசாமியின் சிரிப்பு பாதியில் உறைந்தது. இன்னும் நான்கே சொல். நான்கே சொல் சொன்னால் போதும்...

"...கடிச்ச எலி நான்தாம்பா! பாருங்க, கண்ணாடி போட்ட எலி!"

கூடம் வெடித்துச் சிரித்தது. முனுசாமி தொடையைத் தட்டினான். தறிகள் மறுபடி ஓடின. நான் என் குழியில் இறங்கி உட்கார்ந்து நாடாவை எடுத்தேன்.

அவர்கள் சிரித்தார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவர்கள் கேட்கத்தான் காத்திருந்தார்கள். சிரிக்க வைத்தவன் நான்.

ஓரிக்கைக்கு மறுபடி நான் போகவில்லை.

அதே எலியைத்தான் இங்கே உங்களிடமும் முதலிலேயே அவிழ்த்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்களா? கொஞ்சமாவது? அப்படியானால் அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள்... தறிமேல், ஒரு கையால் சேலையை இறுக்கிக்கொண்டு, மறு கையில் என் முடிச்சைப் பிடித்துக்கொண்டு. வாய் அசைகிறது. உங்களுக்குக் கேட்கவில்லை.

எனக்குக் கேட்கிறது.